அடைப்பு எங்கே என்று தண்ணீரே சொல்லும்: வீட்டுக் கழிவுநீர்க் குழாய்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

சிங்க்கில் தண்ணீர் நின்றுவிட்டால் பெரும்பாலான வீடுகளில் நடப்பது இதுதான். கையில் கிடைத்த குச்சியை விட்டுக் குத்துவோம். போகவில்லை என்றால் கடையில் ஒரு பாக்கெட் பவுடர் வாங்கி வந்து கொட்டுவோம். அதற்கும் அசையவில்லை என்றால் பிளம்பருக்குப் போன். இதற்கிடையில் அடைப்பு எந்த இடத்தில் இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. சிங்க்கிலிருந்து தெரு வரைக்கும் எத்தனையோ அடி நீளத்துக்குக் குழாய் ஓடுகிறது, நடுவில் நான்கைந்து வளைவுகள். இடம் தெரிந்துவிட்டால் பாதி அடைப்புகள் அரை மணி நேர வேலை. தெரியாமல் குத்தினால் அடைப்பு இன்னும் உள்ளே, கைக்கு எட்டாத இடத்துக்குப் போய் உட்கார்ந்துகொள்ளும்.

சென்னையில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் பராமரிப்பு வேலையைச் சில வருடங்கள் நான் பார்த்துக்கொண்டேன். மாதத்துக்கு இரண்டு மூன்று அடைப்பாவது வரும். பிளம்பர் கூடவே நின்று பார்த்தும், பிறகு நானே கையுறை மாட்டிச் செய்தும் கற்றுக்கொண்டதை இங்கே வரிசையாக எழுதுகிறேன். தனி வீட்டுக்கும் இது பொருந்தும்.

முதலில் தண்ணீர் போகும் வழி

நம் வீடுகளில் கழிவுநீர் இரண்டு வழிகளில் வெளியே போகிறது. சிங்க், வாஷ்பேசின், குளியலறைத் தரை, வாஷிங் மெஷின் ஆகியவற்றின் தண்ணீர் ஒரு வழி. டாய்லெட் தனி வழி. சிங்க்கின் அடியில் ஒன்றேகால் அல்லது ஒன்றரை அங்குலக் குழாய் இருக்கும். குளியலறைத் தரையிலிருந்து போவது பெரும்பாலும் 75 மி.மீ., டாய்லெட்டிலிருந்து போவது 110 மி.மீ. குழாய். பிளம்பர்கள் இவற்றை 'இரண்டரை இன்ச்', 'நாலு இன்ச்' என்பார்கள். முதல் வழியில் வரும் தண்ணீர் வீட்டுக்கு வெளியே 'கல்லி டிராப்' என்ற வளைவுள்ள சின்னத் தொட்டியில் விழுந்து, தரையில் மூடி போட்டிருக்கும் 'சேம்பர்' என்ற தொட்டிக்குப் போகும். டாய்லெட் குழாய் நேராகச் சேம்பருக்கே போய்விடும். சேம்பரிலிருந்து தெருவின் பாதாளச் சாக்கடைக்கு, அது இல்லாத ஊரில் செப்டிக் டேங்குக்கு.

வழியில் ஒவ்வொரு இடத்திலும் ஒரு 'டிராப்' இருக்கும். சிங்க் அல்லது பேசினுக்குக் கீழே இருப்பது பாட்டில் டிராப். குளியலறைத் தரையில் ஜாலிக்கு, அதாவது ஓட்டைகள் உள்ள மூடிக்கு, அடியில் இருப்பது நஹானி டிராப். வேலைக்காரர்கள் வாயில் அது 'நானி டிராப்'. வளைந்த குழாயில் எப்போதும் இரண்டு அங்குலம் போலத் தண்ணீர் தேங்கி நிற்கும். அந்தத் தண்ணீர்தான் சாக்கடை வாடையும் கரப்பான்பூச்சியும் வீட்டுக்குள் வராமல் தடுக்கும் கதவு. 1775இல் லண்டனில் கடிகாரம் செய்துவந்த அலெக்சாண்டர் கம்மிங் என்பவர் காப்புரிமை வாங்கிய வளைவு இது. அதன் அடிப்படை இன்றும் மாறவில்லை. ஆனால் வளைவு என்றாலே எதுவும் வந்து தங்கும் இடமும்தான். வீட்டு அடைப்புகளில் பெரும்பாலானவை இந்த டிராப்களிலும் அதற்கு அடுத்த ஓரிரு அடியிலும்தான் இருக்கும்.

ஒரு விஷயத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அடைப்பே இல்லாமல் வாடை மட்டும் வந்தால், குறிப்பாக வெயில் காலத்தில் ஊருக்குப் போய்த் திரும்பிய பிறகு வந்தால், பயன்படுத்தாத குளியலறையில் டிராப் தண்ணீர் வற்றியிருக்கிறது என்று அர்த்தம். இரண்டு மக் தண்ணீர் ஊற்றினால் போதும்.

அடைப்பு எங்கே? கண்டுபிடிக்கும் முறை

வீட்டில் எல்லாரையும் தண்ணீர் பயன்படுத்த வேண்டாம் என்று சொல்லிவிட்டு, ஒவ்வொரு இடமாகப் பாருங்கள்.

சிங்க் மட்டும் நிற்கிறது, மற்ற இடமெல்லாம் சரியாகப் போகிறது என்றால் அடைப்பு சிங்க்கின் சொந்தக் குழாயில்தான். வாஷ்பேசினில் தண்ணீரை விட்டால் குளியலறைத் தரையின் ஜாலி வழியாக மேலே வருகிறதா? பல வீடுகளில் பேசின் குழாய் நானி டிராப்பில்தான் சேரும். ஆகவே அடைப்பு நானி டிராப்பிலோ அதைத் தாண்டியோ இருக்கிறது. பேசினைக் கழற்றிப் பயனில்லை.

டாய்லெட்டில் ஃப்ளஷ் செய்ததும் குளியலறைத் தரையில் 'களக் களக்' என்று சத்தம் வந்தால், அல்லது தண்ணீர் மேலெழுந்தால், இரண்டு வழிகளும் சேர்ந்த பிறகு எங்கோ தடை இருக்கிறது. இதை வீட்டுக்குள்ளிருந்து சரிசெய்ய முடியாது, வெளியே போங்கள். அடுக்குமாடியில் தரைத்தள வீட்டில் தானாகவே தண்ணீர் பொங்கினால் அந்த வீட்டார் மேல் தவறு இருக்க வேண்டிய அவசியமில்லை. மேல் மாடிகளின் தண்ணீர் இறங்கும் செங்குத்துக் குழாயின் அடி வளைவிலோ சேம்பரிலோ அடைத்திருக்கும். எங்கள் குடியிருப்பில் தரைத்தளத்து வீட்டம்மாள் ஒருவர் வாரக்கணக்கில் தன் குளியலறையைத் தானே கழுவிக்கொண்டிருந்தார். தன்னால்தான் அடைக்கிறது என்று மற்றவர்கள் சொன்னதை அவரும் நம்பிவிட்டார். சேம்பரைத் திறந்து பார்த்த அன்றுதான் விஷயம் தெரிந்தது. மூன்றாம் மாடியிலிருந்து வந்த துணிக்கந்தல் அது.

இனி சேம்பர்கள். வீட்டிலிருந்து தெருவை நோக்கி வரிசையாக இருக்கும் மூடிகளை ஒவ்வொன்றாகக் கடப்பாரையால் நெம்பித் திறந்து, சற்றுத் தள்ளி நின்று பாருங்கள். முகத்தை உள்ளே கொண்டுபோக வேண்டாம். நிரம்பி நிற்கும் கடைசிச் சேம்பருக்கும், காலியாக இருக்கும் முதல் சேம்பருக்கும் நடுவில்தான் அடைப்பு. வீட்டு ஓரத்துச் சேம்பரே காலியாக இருந்தால் அடைப்பு வீட்டுக்கும் அதற்கும் நடுவில். எல்லாமே நிரம்பியிருந்தால் தெருக் குழாயில். இந்த ஒரு சோதனை எனக்கு எத்தனையோ முறை செலவை மிச்சப்படுத்தியிருக்கிறது. பிளம்பரிடம் 'தண்ணி போகல' என்பதைவிட 'இரண்டாவது சேம்பருக்கும் மூன்றாவதுக்கும் நடுவில் அடைத்திருக்கிறது' என்று சொன்னால் அவர் சரியான கருவியோடு வருவார்.

வீட்டில் வைத்துக்கொள்ள வேண்டியவை

முழங்கை வரை வரும் ரப்பர் கையுறை ஒரு ஜோடி. சிங்க்குக்குத் தட்டையான வாயுள்ள ரப்பர் பிளஞ்சர் ஒன்று, டாய்லெட்டுக்கு உள்நாக்கு நீட்டியிருக்கும் பிளஞ்சர் இன்னொன்று. இரண்டையும் மாற்றிப் பயன்படுத்தக் கூடாது. கையால் சுழற்றும் ஐந்து மீட்டர் ஸ்பிரிங் கம்பி, ஹார்டுவேர் கடையில் கிடைக்கும். பழைய பல்துலக்கி, வாளி, கந்தல் துணி. இவ்வளவு போதும்.

சமையலறை சிங்க்

சிங்க் அடைப்பின் அடிப்படை எண்ணெய்தான். வாணலி கழுவும்போது சூடாக, திரவமாக இறங்கும் எண்ணெய், நெய், தேங்காய்ப்பால் கொழுப்பு எல்லாம் குழாயின் சுவரில் ஆறிப் படியும். அதன்மேல் சோற்றுக் கஞ்சி பசையாகப் பூசிக்கொள்ளும். இட்லி மாவுப் பாத்திரம் கழுவிய தண்ணீரில் உளுந்தின் வழவழப்பு இருக்கிறது, அது இன்னும் நன்றாக ஒட்டும். இந்தப் பசைமேல் டீத்தூள், கடுகு, கறிவேப்பிலை, புளிச்சக்கை, பாத்திரம் தேய்க்கும் பவுடர் என்று ஒவ்வொன்றாக வந்து சேரும். எல்லாவற்றிலும் மோசமானது வாழைத்தண்டு நார். ஒன்றோடொன்று பின்னிக் கயிறுபோல ஆகிவிடும். வாழைத்தண்டு நறுக்கிய மறுநாள் சிங்க் மெதுவாகப் போகிறது என்று நிறைய பேர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள்.

மெதுவாகப் போகிறது, இன்னும் முழுதாக நிற்கவில்லை என்றால், முதலில் பாத்திரம் துலக்கும் திரவத்தை இரண்டு மூன்று ஸ்பூன் ஊற்றி, கை பொறுக்காத சூட்டில் ஒரு வாளி வெந்நீரை ஒரே மூச்சில் ஊற்றுங்கள். கொதிக்கக் கொதிக்க வேண்டாம். பிவிசி குழாய் 75, 80 டிகிரி செல்சியஸ் வாக்கில் இளக ஆரம்பிக்கும், இணைப்புகள் நெகிழ்ந்துவிடும். கொதிநீரும் குழாய்த் தண்ணீரும் சரிபாதி கலந்தால் சூடு 65 டிகிரி போல வரும், அது சரியான அளவு. புதிதாகப் படிந்த கொழுப்பு இதிலேயே கரைந்து போய்விடும்.

போகவில்லை என்றால் பிளஞ்சர். சிங்க்கில் நான்கு அங்குலம் தண்ணீர் நிற்க வேண்டும். காற்றை அழுத்துவதைவிடத் தண்ணீரை அழுத்தினால்தான் விசை அடைப்பு வரை போகும். இரட்டைச் சிங்க் என்றால் மற்றொன்றின் ஓட்டையை ஈரத் துணியால் இறுக்கி அடையுங்கள், வாஷ்பேசினில் மேல்விளிம்புக்குக் கீழே இருக்கும் சின்ன ஓட்டையையும் அப்படியே. இதை மறந்தால் எத்தனை அழுத்தினாலும் விசை அந்த வழியாகப் போய்விடும். ரப்பர் வாயை ஓட்டைமேல் பதித்து, மெதுவாக ஒருமுறை அழுத்திக் காற்றை வெளியேற்றி, பிறகு பதினைந்து இருபது முறை வேகமாக அழுத்தி இழுங்கள். அழுத்துவதைப் போலவே இழுப்பதும் முக்கியம். அடைப்பு தளர்வது பெரும்பாலும் அந்த இழுப்பில்தான்.

அதற்கும் அசையாவிட்டால் டிராப்பைக் கழற்ற வேண்டியதுதான். பயப்பட ஒன்றுமில்லை. அடியில் வாளி வையுங்கள். பாட்டில் டிராப்பின் அடிக்கிண்ணத்தை இடப்பக்கமாகக் கையால் திருகினாலே கழன்று வரும். பிடிமானம் கிடைக்காவிட்டால் ரப்பர் கையுறை போட்டுத் திருகுங்கள். ஸ்பேனரால் நெரித்தால் பிளாஸ்டிக் விரிசல் விடும். உள்ளே இருக்கும் ரப்பர் வாஷர் எந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருக்கிறது என்று ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பழைய பல்துலக்கியால் தேய்த்துக் கழுவுங்கள். வாளித் தண்ணீரை அதே சிங்க்கில் கொட்டிவிடாமல் இருக்க வாளியை முதலில் வெளியே கொண்டுபோய் வையுங்கள், அவசரத்தில் கை தானாக அங்கேதான் போகும்.

பல வீடுகளில் பாட்டில் டிராப்பே இருக்காது. வெள்ளை நிற மடிப்புக் குழாய் ஒன்று சிங்க்கிலிருந்து நேராகச் சுவர் ஓட்டைக்குள் சொருகப்பட்டிருக்கும். அந்த மடிப்பு ஒவ்வொன்றும் கொழுப்பைப் பிடித்துவைக்கும் பள்ளம். அதைச் சுத்தம் செய்து மாட்டுவதில் பொருளில்லை, விலை குறைவுதான், புதிதாக மாற்றிவிடுங்கள். மாற்றும்போது உள்பக்கம் வழுவழுப்பான குழாயும் ஒரு பாட்டில் டிராப்பும் போடுங்கள். சுவர் ஓட்டையைச் சுற்றியுள்ள இடைவெளியை ரப்பர் வளையத்தால் மூடுங்கள். கரப்பான்பூச்சி வரும் வழியும் அதுவே.

டிராப் சுத்தமாக இருக்கிறது, இன்னும் போகவில்லை என்றால் ஸ்பிரிங் கம்பி. சுவர் ஓட்டைக்குள் விட்டு வலப்பக்கமாகவே சுழற்றியபடி தள்ளுங்கள். எதிர்ப்பக்கம் சுழற்றினால் ஸ்பிரிங் பிரிந்து உள்ளே சிக்கிக்கொள்ளும். கையில் தெரியும் வித்தியாசத்தைக் கவனியுங்கள். வளைவில் முட்டினால் கெட்டியாகத் தட்டும், சுழற்றினால் வழுக்கி முன்னே போகும். அடைப்பில் முட்டினால் மெத்தென்று இருக்கும், கம்பி கொஞ்சம் திரும்பி வரும். அங்கே நின்று இருபது சுற்றுச் சுற்றி, மெல்ல இழுத்து, கந்தலில் துடைத்துவிட்டு மறுபடி விடுங்கள். வழி பிறந்ததும் சிங்க்கை முழுக்க நிரப்பி ஒரே நேரத்தில் திறந்துவிடுங்கள். தளர்ந்த கொழுப்பு அடித்துச் செல்லப்படும். இல்லாவிட்டால் நாலடி தள்ளி மறுபடி உட்காரும்.

குளியலறைத் தரை

இங்கே குற்றவாளி முடி. முடி மட்டும் என்றால் ஓரளவு போய்விடும். அதோடு தலைக்கு வைத்த எண்ணெய், சீயக்காய்த்தூள், சோப்பு எல்லாம் சேரும்போதுதான் சிக்கல். போர்வெல் தண்ணீர் உப்பாக இருக்கும் இடங்களில் தண்ணீரின் கால்சியம் சோப்போடு சேர்ந்து கரையாத வெள்ளைப் படிவமாக மாறும். வாளி விளிம்பில் பார்க்கிறோமே, அதேதான் குழாய்க்குள்ளும். தீபாவளியன்று காலையில் வீட்டில் எல்லாரும் எண்ணெய் தேய்த்துக் குளித்து முடித்ததும் தண்ணீர் கணுக்கால் வரை நிற்பதற்கு இதுதான் காரணம். முந்தின வாரமே ஜாலியைத் திறந்து சுத்தம் செய்துவைப்பது நல்லது.

ஜாலியை எடுத்துவிட்டு, கையுறையோடு விரலை விட்டு முடிக்கற்றையை இழுங்கள். எட்டாவிட்டால் கம்பி நுனியைக் கொக்கிபோல வளைத்து இழுங்கள். உள்ளே தள்ளவே கூடாது. சில டிராப்களில் ஜாலிக்குக் கீழே கழற்றக்கூடிய கிண்ணம் இருக்கும். கழுவியபின் அதைத் திருப்பி வைக்க மறந்தால் வாடை வரும்.

ஷாம்பு பாக்கெட் கிழிக்கிறோம், அந்தச் சின்ன மூலைத் துண்டு எங்கே போகிறது? ஜாலி ஓட்டை வழியாக நானி டிராப்புக்குள்தான். நான் திறந்து பார்த்த டிராப்களில் பெரும்பாலானவற்றில் இந்த மூலைத் துண்டுகள் இருந்தன. ஒரு வீட்டில் இரண்டு கைப்பிடி வந்தது. எந்தப் பவுடரும் எந்த ஆசிட்டும் இதைக் கரைக்காது, கையால் எடுத்தால்தான் உண்டு. குளியலறைக்குள் ஒரு சின்ன டப்பா வைத்தால் இந்தப் பிரச்சினை அன்றே தீர்ந்துவிடும். வாஷிங் மெஷின் குழாயை ஜாலிமேல் விட்டிருந்தால் அதன் நுனியில் பழைய நைலான் சாக்ஸ் ஒன்றைக் கட்டிவிடுங்கள், துணியின் பஞ்சு அதில் தங்கும். வாரம் ஒருமுறை கழற்றி உதறுங்கள்.

டாய்லெட்

தண்ணீர் விளிம்பு வரை ஏறிவிட்டால் இரண்டாவது முறை ஃப்ளஷ் செய்யாதீர்கள். ஃப்ளஷ் டேங்குக்குத் தண்ணீர் வருவதை நிறுத்த, சுவரோரம் இருக்கும் 'ஆங்கிள் காக்' என்ற திருகு வால்வை மூடுங்கள். அரை மணி காத்திருந்தால் மலமோ காகிதமோ ஊறித் தானே இறங்கிவிடக்கூடும். பிறகு ஒரு மூடி துணி துவைக்கும் திரவம் ஊற்றி, கை பொறுக்கும் சூட்டில் அரை வாளி வெந்நீரை இடுப்பு உயரத்திலிருந்து ஊற்றுங்கள். கொதிநீர் பட்டால் பீங்கான் வெடிக்கும். அடுத்தது நாக்கு நீட்டிய பிளஞ்சர். இந்தியன் டாய்லெட்டில் பிளஞ்சர் சரியாகப் பதியாது. மாப்பின் தலையில் கெட்டியான பிளாஸ்டிக் பையைச் சுற்றி இறுக்கிக் கட்டி, அதையே பிளஞ்சராகப் பயன்படுத்தலாம்.

உள்ளே போனது நாப்கின் அல்லது குழந்தையின் டயப்பர் என்று தெரிந்தால் அழுத்தவே அழுத்தாதீர்கள். அவற்றுக்குள் இருக்கும் பொடி தண்ணீரை உறிஞ்சிப் பல மடங்கு ஊதும். அழுத்தினால் நாலு இன்ச் குழாயில் கார்க் போல இறுகிவிடும். கொக்கிக் கம்பியால் வெளியே இழுக்கப் பாருங்கள். முடியாவிட்டால் பிளம்பர் கம்மோடைக் கழற்றித்தான் எடுக்க வேண்டும். ஈரத் துடைப்பான்களும் இந்த வகைதான். 'டாய்லெட்டில் போடலாம்' என்று உறையில் அச்சிட்டிருந்தாலும் போடாதீர்கள், காகிதம்போல அவை கரைவதில்லை. வீட்டில் பெண்கள் இருந்தால் குளியலறையில் மூடியுள்ள குப்பைக்கூடையும் பழைய செய்தித்தாளும் கண்டிப்பாக இருக்கட்டும். விருந்தாளியாக வந்த பெண் எங்கே போடுவது என்று கேட்கத் தயங்குவார், வேறு வழியில்லாமல் உள்ளே போட்டுவிடுவார். அவர்மேல் கோபப்படுவதில் நியாயமில்லை.

பவுடரும் ஆசிட்டும்

கடையில் அடைப்பு நீக்கி என்று விற்கும் பவுடர் பெரும்பாலும் காஸ்டிக் சோடா. அது கொழுப்பைச் சோப்பாக மாற்றும், முடியை அரிக்கும், தண்ணீர் பட்டதும் கடுமையாகச் சூடாகும். மெதுவாகப் போகும் குழாயில், உறையில் சொன்ன அளவில் போட்டால் பயன் உண்டு. முழுதாக நின்றுபோன குழாயில் போட்டால் அது அடைப்பைத் தொடாமல் மேலேயே தேங்கும். சில சமயம் கொழுப்போடு சேர்ந்து ஆறிக் கல்போல இறுகும். அப்புறம் குழாயை வெட்டித்தான் எடுக்க வேண்டும். டாய்லெட்டில் இதைப் போடவே வேண்டாம்.

பயன்படுத்தினால் கண்ணாடியும் கையுறையும் போடுங்கள். ஆசிட், டாய்லெட் கழுவும் திரவம், பிளீச்சிங் பவுடர் எதையும் அதோடு சேர்க்காதீர்கள். காஸ்டிக்கோடு ஆசிட் சேர்ந்தால் கொதித்து மேலே தெறிக்கும். பிளீச்சிங் பவுடரோடு ஆசிட் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். ஜன்னல் மூடிய குளியலறையில் அது உயிருக்கே ஆபத்து. தோலிலோ கண்ணிலோ பட்டால் எலுமிச்சையோ வினிகரோ தேடாமல் ஓடும் தண்ணீரில் 20 நிமிடம் கழுவிக்கொண்டே இருந்துவிட்டு மருத்துவரிடம் போங்கள்.

சமையல் சோடாவும் வினிகரும் கலந்து ஊற்றும் முறை வாட்ஸ்அப்பில் நிறைய வருகிறது. நுரை அழகாகப் பொங்கும். ஆனால் ஒன்றையொன்று முறித்துக்கொண்ட பிறகு மிஞ்சுவது உப்புக் கரைசல்தான், அதற்குக் கொழுப்பைக் கரைக்கும் சக்தி கிடையாது. வெந்நீரும் பாத்திரம் துலக்கும் திரவமும் அதைவிட நன்றாக வேலை செய்யும்.

இந்தப் பகுதியில் நான் முக்கியமாகச் சொல்ல நினைத்தது வேறு. எங்கள் குடியிருப்பில் ஒரு வீட்டில் முந்தின இரவு பவுடரைக் கொட்டிவிட்டு, போகவில்லை என்று காலையில் பிளம்பரைக் கூப்பிட்டார்கள். பவுடர் போட்டதைச் சொல்லவில்லை. அவர் டிராப்பைத் திறந்ததும் தேங்கியிருந்த கரைசல் அவர் கையில் கொட்டியது. மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை வெந்துபோனது, மூன்று வாரம் வேலைக்குப் போக முடியவில்லை. தினக்கூலி வாங்கும் மனிதர். வீட்டார் கெட்டவர்கள் இல்லை, சொல்லத் தோன்றவில்லை, அவ்வளவுதான். ஆகவே பிளம்பர் உள்ளே நுழையும்போதே, என்ன ஊற்றினோம், எப்போது ஊற்றினோம் என்று முதல் வார்த்தையாகச் சொல்லிவிடுங்கள்.

மறுபடி மறுபடி அதே இடத்தில் அடைத்தால்

சுத்தம் செய்த ஒரு மாதத்தில் மறுபடி அடைத்தால் தவறு குழாய் அமைப்பில்தான் இருக்கும். நாலு இன்ச் குழாய்க்கு 1:40 சரிவு வேண்டும், அதாவது பத்தடி ஓடினால் மூன்று அங்குலம் இறங்க வேண்டும். மண் இறங்கிக் குழாய் நடுவில் தொய்ந்திருந்தால் அங்கே எப்போதும் கழிவு தங்கும். பழைய வீடுகளில் பீங்கான் குழாய்களின் இணைப்பு வழியாக மரவேர் நுழைந்துவிடும். தண்ணீர் இருக்கும் இடத்தைத் தேடி மயிரிழை விரிசலிலும் போகும். பக்கத்தில் அரசமரமோ ஆலமரமோ இருந்தால் முதலில் அதைச் சந்தேகியுங்கள். கேமரா விட்டுப் பார்க்கும் பிளம்பர்கள் இப்போது நகரங்களில் கிடைக்கிறார்கள், தரையை உடைப்பதற்கு முன் அந்தச் செலவு செய்யலாம்.

வீடு கட்டுகிறீர்கள் அல்லது குளியலறையைப் புதுப்பிக்கிறீர்கள் என்றால், ஒவ்வொரு திருப்பத்திலும் திறந்து பார்க்கும் கதவுள்ள வளைவு போடச் சொல்லுங்கள். ஒரே செங்கோண வளைவுக்குப் பதிலாக 45 டிகிரி வளைவுகள் இரண்டு போடச் சொல்லுங்கள். டைல்ஸ் ஒட்டுவதற்கு முன் எல்லாக் குழாயையும் அளவுநாடா தெரியும்படி போட்டோ எடுங்கள்.

மழைக்காலம்

சென்னையில் மழைநீர் வடிகாலும் பாதாளச் சாக்கடையும் வேறு வேறு. மொட்டைமாடித் தண்ணீரைச் சேம்பரில் இணைத்தால், ஐப்பசி கார்த்திகை மழையில் சாக்கடைக் குழாய் அவ்வளவு தண்ணீரையும் தாங்காது. தெருவின் தாழ்வான வீட்டில் டாய்லெட் வழியாக அது மேலே வரும். அந்தத் தண்ணீர் போக வேண்டிய இடம் மழைநீர் சேகரிப்புக் குழி. 2003 முதல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் அது கட்டாயம். தெருவில் தேங்கிய மழைநீரை வடிக்க மேன்ஹோல் மூடியைத் திறந்துவிடுவதும் இதே சேதத்தைத்தான் செய்யும், நடந்துபோகிறவர் உள்ளே விழும் ஆபத்து வேறு. தாழ்வான தரைத்தளம் என்றால், தண்ணீர் திரும்பி உள்ளே வராமல் தடுக்கும் 'நான்-ரிட்டர்ன் வால்வ்' ஒன்றை வெளிக்குழாயில் போடலாம். தெருக் குழாயில் அடைப்பு என்றால் சென்னையில் குடிநீர் வாரியத்தின் 1916 எண்ணில் புகார் சொல்லலாம். மற்ற ஊர்களில் நகராட்சி அல்லது பேரூராட்சி அலுவலகம்.

சேம்பர், செப்டிக் டேங்க்: யாரும் இறங்கக் கூடாது

வீட்டுச் சேம்பர் ஆழமில்லாததாக இருந்தால் மேலே நின்றபடியே மூங்கில் பிளாச்சு அல்லது கம்பியால் அடைப்பைத் தளர்த்தலாம். மேல்பக்கச் சேம்பரிலிருந்து கீழ்நோக்கித் தள்ளுவதைவிட, காலியாக இருக்கும் கீழ்ச்சேம்பரிலிருந்து மேல்நோக்கிக் குத்தி இழுப்பது நல்லது. துணியும் பிளாஸ்டிக்கும் வெளியே வந்துவிடும். தண்ணீர் சட்டென்று பாயும், ஒதுங்கி நில்லுங்கள். ஆழமான சேம்பர், மேன்ஹோல், செப்டிக் டேங்க் ஆகியவற்றில் அழுத்தமாகத் தண்ணீர் பீய்ச்சும் இயந்திரமோ உறிஞ்சும் லாரியோதான் வேலை செய்ய வேண்டும்.

செப்டிக் டேங்குக்குள் ஹைட்ரஜன் சல்ஃபைடு, மீத்தேன் வாயுக்கள் சேர்ந்திருக்கும், ஆக்சிஜன் குறைந்திருக்கும். ஹைட்ரஜன் சல்ஃபைடு கொஞ்சமாக இருக்கும்போது அழுகிய முட்டை வாடை அடிக்கும். அளவு கூடினால் மூக்கு மரத்துப்போய் வாடையே தெரியாது. 'இப்போ வாடை இல்லை, இறங்கலாம்' என்று நினைக்கும் நேரம்தான் மிக ஆபத்தான நேரம். மூடியை நாள் முழுக்கத் திறந்துவைத்தாலும் வாயு முழுதாகப் போய்விடாது. தீக்குச்சி கொளுத்திப் பார்த்தால் மீத்தேன் வெடிக்கும். ஒருவர் மயங்கி விழ, காப்பாற்ற இறங்கிய அடுத்தவரும் அதற்கடுத்தவரும் இறப்பது நம் ஊரில் திரும்பத் திரும்ப நடக்கிறது. அப்படி யாராவது விழுந்தால் பின்னால் இறங்காமல் 101க்கும் 108க்கும் கூப்பிடுங்கள்.

பாதுகாப்பு இல்லாமல் சாக்கடையிலோ செப்டிக் டேங்கிலோ ஒருவரை இறக்குவது 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். வீட்டு உரிமையாளருக்கும் இது பொருந்தும். முதல்முறைக்கே 2 ஆண்டு வரை சிறை அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சாக்கடையில் இறந்தவரின் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க வேண்டும் என்று 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனாலும் 'ஆயிரம் ரூபாய் கூட வாங்கிக்கோ, இறங்கி எடுத்துடு' என்று சொல்வது இன்னும் நிற்கவில்லை.

செப்டிக் டேங்க்கை இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை, நிரம்பி வழிவதற்கு முன்பே காலி செய்யுங்கள். லாரிக்கு உள்ளாட்சி அலுவலகத்தை அணுகலாம், அல்லது 14420 என்ற உதவி எண்ணில் கூப்பிடலாம். கூலி பேசும்போதே 'குழாய் மட்டும்தான் இறங்கணும், ஆள் இறங்கக் கூடாது' என்று சொல்லிவிடுங்கள். அடியில் இறுகிய சேறு வரவில்லை என்றால் தண்ணீர் பீய்ச்சிக் கலக்கி மறுபடி உறிஞ்சச் சொல்லுங்கள், அதற்கு ஆகும் கூடுதல் பணத்தைக் கொடுங்கள். வேலை முடிந்து மூடி திரும்பப் போடப்படும் வரை பக்கத்திலேயே நில்லுங்கள். கை கால் கழுவ அவர்களுக்குச் சோப்பும் தண்ணீரும் கொடுங்கள்.